ஒரே டேக்

"நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று கேட்டது பெண் குரல். கேட்கும்போதே உடைந்தது. "தினமும் போன் பண்றேன். சத்தியமா" என்றது ஆண் குரல்.

"கட்" என்றான் டப்பிங் இயக்குநர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். திரையில், படகுத்துறை மழையில் நனைந்துகொண்டு நின்ற ஜப்பானியக் கார்ட்டூன் பிள்ளைகளுக்குப் பதினாறு வயது.

"மேடம், அழுகை வருது. காதல் வரல" என்றான்.

"படத்துலயே இல்லாததை நான் எங்க போய்க் கொண்டு வர்றது?" என்றார் மேடம். எத்தனையோ கதாநாயகிகளைத் தன் தொண்டையில் வைத்து வளர்த்தவர். இந்த ஜப்பானியப் பெண்ணை மட்டும் முதல் நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லை.

இயக்குநருக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வயதுகூட ஆகாத அவனுக்கு இது முதல் படம். அதைவிட முக்கியமாக, அவனிடம் ஒரு காதல் தோல்வி இருந்தது. கூடப் படித்தவள் வேலைக்கு வெளியூர் போனாள், போன் குறைந்தது, நின்றது, அவ்வளவுதான். ஆனால் அவன் அதைப் பட்டுத்துணியில் சுற்றிய வெள்ளிப் பாத்திரம் மாதிரி அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்வான். இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, தன் கதையை யாரோ திருடி வரைந்துவிட்டார்கள் என்றே நினைத்தான். தாடிகூட வளர்த்துப் பார்த்தான். அது சரியாக வளரவில்லை.

வழக்கமாகக் குரல் கொடுப்பவர்கள் ஆளுக்கொரு நாள் வந்து தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவார்கள். இருவரும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. பிரிவுக் காட்சியும் கடைசிக் காட்சியும் சேர்ந்து நின்று பேசினால்தான் உயிர் வரும் என்று அடம்பிடித்து, இன்று ஒன்றாக வரவழைத்திருந்தான்.

ஆண் குரலுக்கு வந்த சார் முதலில் வந்து சேர்ந்தார். மேடம் வேறொரு ரெக்கார்டிங்கை முடித்துவிட்டுப் பிறகு வந்தார். இருவரும் ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இடைவேளையில் சார் வராந்தாவின் ஒரு கோடியில் டீ குடித்தார், மேடம் மறுகோடியில்.

ஆனால் உள்ளே திரும்பியதும் மேடம் ஒலிப்பதிவாளரிடம், "ஏசியைக் கொஞ்சம் குறைங்க, அவருக்குத் தொண்டை கட்டிக்கும்" என்றார். சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஸ்கிரிப்டைப் புரட்டினார்.

இயக்குநருக்குப் பொறி தட்டியது. இவர்களுக்கு நடுவில் ஒரு பழைய கதை இருக்கிறது என்று ஒலிப்பதிவாளரின் காதைக் கடித்தான். அந்த ஆள் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பதிலுக்கு ஒரு கொட்டாவி விட்டார்.

பிரிவுக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தும் தேறவில்லை. சார் செய்த சத்தியம், வீட்டு வாடகை ஒப்பந்தத்தை வாசிப்பது போலிருந்தது. மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் தம்பி, ரெண்டு பேர் பிரியறதுக்கு மழை எதுக்கு, படகு எதுக்கு? ஆயிரம் மைல் தள்ளிப் போனாத்தான் பிரிய முடியுமா? வரைஞ்சவனுக்கு உலகமே தெரியல."

சரி, இருக்கிறதில் நல்லதை வைத்து ஒப்பேற்றலாம் என்று கடைசிக் காட்சிக்குப் போனார்கள். பல வருடங்கள் கழித்து அந்த இருவரும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் எதேச்சையாகச் சந்திக்கிறார்கள். அடையாளம் தெரிகிறது, பேசத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அந்த வெறுமையை இயக்குநர் விளக்கத் தொடங்கினான். மேடம் கையமர்த்தி, ஓட விடச் சொன்னார்.

"சாப்டியா?"

"ஆச்சு."

"மழை வரும் போல."

"குடை இருக்கு."

லிஃப்ட் நின்றது. "வரேன்" என்றது ஆண் குரல். "ம்" என்றது பெண் குரல்.

ஒலிப்பதிவாளர் அடுத்த கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார். இயக்குநர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்னொரு டேக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை, தேவையும் இல்லை.

சார் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார். மேடம் கைப்பையை எடுத்தபோது இயக்குநர் வழியில் வந்து நின்றான்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். சார்தானே உங்க முதல் காதல்?"

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மறுக்கவில்லை. "ஆமா. அவர் குரலைக் கேக்கறதுக்காகவே ஸ்டூடியோவுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பேன். புத்தி கெட்ட வயசு."

தன் ஊகம் பலித்ததில் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உரிமையோடு தன் கதையையும் எடுத்துவிட்டான். அவளோடு மட்டும் சேர்ந்திருந்தால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தழுதழுத்தான். மேடம் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அவனுடைய தாடியைப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேரையும் சேர விடாம தடுத்தது யாரு மேடம்?"

வாசலில் கார் ஹார்ன் ஒரு முறை, அவசரமில்லாமல், ஒலித்தது. மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"யாரும் தடுக்கல தம்பி. அவரைத்தான் கட்டிக்கிட்டேன்."