டேப்பின் மறுமுனை

வாடகைக்கு விடுவதற்காகக் கடற்கரைச் சாலையில் வாங்கிய பழைய வீட்டைப் பிளாரன்ஸ் புதுப்பித்திருந்தாள். மதிப்புப் போட வங்கி அனுப்பிய இன்ஜினியர் தனியாக வந்து உள்ளே அளந்தார். பெயிண்ட் வாடை சேராததால் அவள் வாசலிலேயே நின்றாள்.

வெளியே வந்தவர், “நல்ல மதிப்பு வரும்க்கா. அண்ணாச்சி டேப்பை இழுத்துப் பிடிச்சதால சட்டுனு முடிஞ்சிட்டு” என்றார்.

“எந்த அண்ணாச்சி?”

“உங்க வீட்டுக்காரர்தான். குசினியில நிக்காகளே.”

ஐம்பது வயதுப் பிளாரன்ஸுக்குக் கல்யாணமே ஆகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள்; குசினியில் வெறும் அடுப்புமேடைதான் இருந்தது, யாரும் இல்லை. மதிப்பு அவள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே வந்தது.

வீடு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு டேப் வாங்கிக்கொண்டு போனாள். நுனியைக் குசினித் தரையில் வைத்துவிட்டு, மறுமுனையோடு முன்னறைக்கு வந்தாள்.

“இழுத்துப் பிடிங்க” என்றாள்.

தரையில் தொய்ந்து கிடந்த டேப் மெல்ல எழும்பி விறைத்தது.