மூன்றாவது பிஸ்டன்

"வெட்டுன இரும்பு நகம் மாதிரி மறுபடி வளராதாப்பா?"

என் மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது இந்த ஷெட் வாசலில் நின்று கேட்டாள். வளராது என்றேன்.

இன்று கடைசல் லேத்திலிருந்து இறங்கியது பித்தளை. அதுவும் வளராது.

மைக்ரோமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன். பிஸ்டன் இரண்டு முடி கனத்துக்கு இளைத்துப் போயிருந்தது. சிலிண்டருக்குள் போட்டால் தொளதொளவென்று ஆடும். நீராவி ஓரமாகக் கசிந்துவிடும். எஞ்சின் சுற்றாது.

கைப்பிடியை ஒரு முடி கூடுதலாகத் திருகினால் போதும், இரண்டு முடி போய்விடும். உருண்டை அல்லவா, இரு பக்கமும் குறையும்.

இது, இந்தப் பிஸ்டனைக் கடைந்த கருத்தக்கண்ணன் அண்ணனுக்குத் தெரியாததல்ல. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய கை அது. ஓய்வு பெற்ற மறு வருடமே நடுங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

அவர் செய்வது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீராவி எஞ்சின். அதற்காக ஞாயிறுதோறும் செக்கானூரணியிலிருந்து பஸ் ஏறித் திருநகரில் என் ஷெட்டுக்கு வருகிறார். மற்ற ஆறு நாளும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று ரெங்கம்மாள் மதினி போனில் சொல்லியிருந்தார்.

முதல் பிஸ்டன் வீணானபோது சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை.

இன்று காலை லேத்தை ஓட்டுவதற்கு முன்னால் சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா விட்ருவேன் தம்பி. நடுங்குற கைக்கு எதுக்கு லேத்து? மாட்டுக்குப் புல்லு அள்ளிப் போடத்தான் லாயக்கு."

கடைந்து முடித்ததும் அளக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, முகம் கழுவ வீட்டுக்குள் போனார். அளவைக் கேட்கத் தெம்பில்லை போலும்.

உள்ளே என் மனைவி தேவிகா டீ போடுகிறாள். இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷனை எனக்குக் கட்டி வைத்தார்களே என்று எங்கள் சௌராஷ்டிர மொழியில் யாரையோ திட்டுவது கேட்கிறது. அந்த மொழியில் திட்டு மட்டும் தனக்கு நன்றாகப் புரியும் என்பார் அண்ணன்.

என் பேன்ட் பையில் இன்னொரு பிஸ்டன் இருந்தது.

வியாழக்கிழமை நானே சரியான அளவில் கடைந்தது. ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நின்ற கால்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சின. இரண்டு மணி நேரம் நின்று முடித்தேன். ஓரத்தில் அவர் கை வழக்கமாக விடுகிற சின்னப் பிசிறையும் விட்டு வைத்தேன். காலையிலிருந்து பையில் கிடந்ததால் உடம்புச் சூடு ஏறியிருந்தது. லேத்திலிருந்து இறங்கிய துண்டும் அப்படித்தான் இருக்கும்.

ஷெட் ஜன்னலில் திருப்பரங்குன்றம் மலை தெரிகிறது. இது பொய்யா என்று முருகனிடம் கேட்க வாய் வரவில்லை. பொய்தான் என்றால் அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு இரண்டு பிஸ்டனையும் மாற்றி வைத்தேன்.

அண்ணன் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பிஸ்டனை எடுத்தார். எண்ணெய் தடவினார். சிலிண்டரின் அடிவாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மேலிருந்து விட்டார்.

பாதி வழியில் அது நின்றது. உள்ளே அடைபட்ட காற்றின் மேல் மிதந்தது.

விரலை எடுத்தார். மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கியது.

நான்கு முறை செய்து பார்த்தார். அவர் விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இந்தக் கை இன்னும் சாகல போல தம்பி," என்றார். பிறகு துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். "சொல்லு, ஒனக்கும் ஒண்ணு கடைஞ்சு தரவா?"

ஆறிப்போன டீயைக் குடித்தார். அடுத்த ஞாயிறு சக்கரத்தைத் திருப்புகிற கிராங்க் பின்னைக் கடையலாம் என்றார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். முதுகு வலித்தது. பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளினேன்.

பத்து வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் இந்த லேத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் சொன்ன அளவுக்குப் புஷ், வளையம் என்று எதையாவது கடைவேன். அளந்து பார்க்கப் பயம். வாரம் முழுக்கக் கடைந்ததை, மின்வாரியப் பட்டறையில் லேத் பழகிய அண்ணன்தான் ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து அளப்பார். ஒன்றுகூடத் தப்பவில்லை என்பார். நானும் சிலிண்டரிலும் தண்டிலும் பொருத்திப் பார்ப்பேன். எல்லாமே கச்சிதமாக உட்காரும்.

இந்தக் கையாவது உருப்படியாக இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் அன்று மறுபடி வேலை கேட்டுப் படியேறினேன். அதுவும் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

போன வருடம் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, மதினியை அழைத்து வர அவர்கள் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் நான்கு மாடுகள். ஒவ்வொன்றின் கழுத்துக் கயிற்றிலும் பித்தளை வளையங்கள்.

ஒன்றில் துளை நடுவில் இல்லை. ஒன்றின் ஓரத்தை வெட்டும் டூல் கடித்திருந்தது. ஒன்று ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து கிடந்தது.

ஒரு வருடம் பூராவும் திருநகர் போய் வரும்போதெல்லாம் கொண்டு வந்து கட்டினார், ஏன் என்று கேட்டால் மாட்டுக்கு அழகு என்பார் என்றார் மதினி.

எல்லாம் அந்தப் பதினான்கு மாதத்தில் நான் கடைந்தவை.

அண்ணனிடம் இன்றுவரை கேட்கவில்லை.

கிராங்க் பின்னுக்கான இரும்புக் கம்பியை எடுத்து லேத்தில் மாட்டினேன்.