வழுக்காத தரை

"தண்ணிய ஊத்திட்டு அப்படியே விட்டுட்டுப் போனா, மனுஷன் வழுக்கி விழாம என்னம்மா பண்ணுவான்?"

"நான் துடைச்சா காயிற வரைக்கும் அங்கயே நிப்பேன்மா. சார் விழுந்ததை யாரு பார்த்தாங்கன்னு கேளுங்க."

"ஓஹோ! அப்போ எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டுத்தான் விரலை வீங்க வச்சுக்கிட்டாராக்கும்?"

ஸ்டோர் அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற ஸ்டோர்கீப்பருக்குச் சுருக்கென்றது. வெளியே துப்புரவு அம்மாளோடு மல்லுக்கு நின்ற மனைவி, தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லிவிட்டாள்.

ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் ரப்பர் செருப்பு. கட்டைவிரல் தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது.

அவர் எங்கும் விழவில்லை. விரலை வீங்க வைத்தது ரத்தத்தில் ஏறிய யூரிக் ஆசிட்.

அதை ஏற்றிவிட்டது, வேலை முடிந்ததும் மூலைக்கடையில் தின்ற ஒரு தட்டு ஈரல் வறுவல். வீட்டுக்குத் தெரியாமல் வருஷக்கணக்காக நடந்த கூத்து.

அதை வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவிக்குச் சர்க்கரை வந்தபோது சொந்தக்காரர்கள் முன்னால் அவர் சொன்ன வார்த்தை அப்படி. "வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த இனிப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

அதனால்தான் ஆபீசில் வழுக்கி விழுந்ததாக ஒரு பொய்.

டாக்டர் சொன்னதையெல்லாம் இந்த அறைக்குள்ளேயே ஒளிந்து ஒளிந்து செய்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்த கால். ஈரல் கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனார். அப்படியும் வீக்கம் வற்றவில்லை.

வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. "டென்ஷன் ஆகாதீங்க மேடம். இந்தம்மாவை நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடறேன்."

துடைப்பக் கட்டை சுவரில் சாய்க்கப்படும் சத்தம்.

அவர் கதவைத் திறந்தார்.

"நான் விழல" என்றார். "யார் மேலயும் தப்பில்ல. எனக்கு யூரிக் ஆசிட். தினமும் ஈரல் தின்னேன். வாயைக் கட்டல."



மேனேஜர் எதையோ மறந்தவர்போல நழுவினார். துப்புரவு அம்மாள் வாளியை எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில் அவருடைய காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி கத்துவாள் என்று நினைத்தார். பழைய வார்த்தையை அவர் முகத்திலேயே விட்டெறிவாள் என்று நினைத்தார். எறிந்திருந்தால் தேவலை.

அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். காலையில் அவர் வேண்டுமென்றே மறந்துவிட்டு வந்த பிளாஸ்க். எலும்பில் அடி என்று நம்பி, விரல் வீங்கிய நாளிலிருந்து விடியுமுன்னே எழுந்து அவள் கொதிக்க வைத்து, அவரைக் குடிக்க வைக்கிற எலும்பு சூப்.

டம்ளரில் ஊற்றினாள். ஆவி பறந்தது.

"என்னங்க, இது குடிக்கலாம்ல? டாக்டர் இதை ஒண்ணும் சொல்லலியே?"

டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

டாக்டர் முதலில் வேண்டாம் என்றதே அதைத்தான். ஈரல்கூட அதற்கு அப்புறம்தான்.

"ஒண்ணும் சொல்லல" என்று சொல்லி, டம்ளரை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அவர் அதை வாங்கிக் குடித்திருக்கலாமா, கூடாதா? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டம்ளர் நீட்டப்பட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து கீழே எழுதுங்கள். நாளைக் காலையிலும் அவள் அடுப்பு பற்றவைப்பாள்.