சீரியல் வீட்டுக் கதவு

ஒரு டிவி சீரியல் வீட்டின் படுக்கையறைக் கதவுக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. நாற்பது நாளாக மாமியார் அதன்மேல் காதை ஒட்டிவைத்து ஒட்டுக் கேட்கிறாள். உள்ளே மருமகள், ஆளில்லாத அறையில் ரகசியங்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மனசுக்குள்ள நினைச்சுக்கக் கூடாதா இந்தப் பொண்ணு?" என்று கதவு புலம்பியது.

"நினைச்சா அந்தம்மாவுக்கு எப்படிண்ணே கேக்கும்?" என்றது திரைச்சீலை.

அன்று மருமகள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "அப்பா எனக்கு எழுதி வச்ச வீட்டுப் பத்திரத்தை நான் ஒளிச்சு வச்சிருக்கற இடம்..."

கதவுக்குப் பொறுக்கவில்லை. இந்த அப்பாவியைக் காப்பாற்றியே தீருவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, படாரென்று தானே உள்பக்கமாகத் திறந்தது. சாய்ந்து நின்ற மாமியார் தடுமாறி, மருமகளின் காலடியில் குப்புற விழுந்தாள்.

"மாட்டுனியா!" என்று கதவு குதூகலித்தது.

மருமகள் பதறிப்போனாள். "ஐயோ அத்தை! நீங்க போய் என் கால்ல விழலாமா? நான் உங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன்!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். அழுதுகொண்டே தலையணைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள்.

திரைச்சீலை மெதுவாகச் சொன்னது: "புண்ணியம்ணே. பாவம், அந்தம்மாவுக்கு நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்."