தலையாட்டிய கேபிள்

அன்று மேசைமேல் இருந்தவர்கள் நால்வர்: லேப்டாப், மவுஸ், ஹார்ட் டிஸ்க், அதை லேப்டாப்போடு இணைத்த வெள்ளைக் கேபிள்.

ஹார்ட் டிஸ்க்கின் வயிறு நிறையக் கல்யாணப் படங்கள். அதன் விளக்கும் எரிந்தது. லேப்டாப்போ, "இங்கே யாரும் வரவில்லையே" என்று சாதித்தது. மூன்று முறை பிடுங்கிச் செருகியும் பயனில்லை. இன்னொரு முறைதான், அப்புறம் காயலான் கடை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"கேபிளண்ணே, நான் வந்திருக்கேன்னு சொன்னீங்களா?" என்று ஹார்ட் டிஸ்க் கெஞ்சியது.

"சொல்லாம இருப்பேனா?"

"என்ன சொன்னார்?"

"யோசிக்கிறாராம்."

மவுஸ் குறுக்கிட்டது. "அண்ணே, நீங்க போனுக்குச் சார்ஜ் ஏத்துற ஆளாச்சே. பேச்சு கொண்டுபோகத் தெரியுமா?"

கேபிள் நெளிந்தது. "எனக்குள்ளே ரெண்டு கம்பிதான் தம்பி. சோறு கொண்டுபோவேன். சேதி கொண்டுபோக இன்னும் ரெண்டு வேணும். நம்பிக் கேட்கிறவங்ககிட்ட எப்படி இல்லைங்கிறது?"

சொல்லிவிட்டு, வெட்கத்தில் தானே கழன்று கீழே விழுந்தது. வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கேபிளை எடுத்துச் செருகினார்.

"அடடே, நீயா! எப்போ வந்தே?" என்றது லேப்டாப்.

படங்கள் ஏறத் தொடங்கின. எல்லாம் ஏறிவிட்டால் தனக்கு வேலையில்லை, அடுத்தது காயலான் கடைதானே என்று ஹார்ட் டிஸ்க் நடுங்கியது. இரண்டாயிரத்து முந்நூறு ஏறியதும் லேப்டாப், "இடமில்லை" என்று கைவிரித்தது.

ஹார்ட் டிஸ்க் மேசையிலேயே தங்கிவிட்டது. அதனிடம் இன்னும் பதினாறு படங்கள் மிச்சம் இருந்தன.