நாற்பதாம் வரிசையில் நாலு முட்டை

கண்மாய்க்கரைச் சூரியப் பலகைகளின் நாற்பதாம் வரிசைக்கு அடியில் ஆட்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. பலகை திரும்பும் சத்தத்தில் பறவை அடையை விட்டுவிடும் என்பதால், முட்டை இருக்கும் வரிசையை இருபத்தெட்டு நாள் நிறுத்த வேண்டும். அந்த வரிசையை நம்பிய தெருவுக்கும் அதுவரை மின்சாரம் கிடையாது. எந்த வரிசையில் முட்டை இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது நாகஜோதியின் வேலை. நாற்பதாம் வரிசை அவள் தெருவுக்கு உரியது. வீட்டிலோ, மகள் இதழினி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சித்திரை வெயில் வேறு.

"கல்லுன்னு எழுதுங்கக்கா. பாத்தா கல்லு மாதிரிதான கெடக்கு," என்றான் உடன் வேலை பார்க்கும் முனியசாமி.

நாகஜோதி முட்டை என்றே எழுதினாள்.

மறுநாளே சம்பந்தியம்மாள் காரோடு வந்துவிட்டாள். "எங்க தெருவுல எதுவும் முட்டை போடல மதினி. ஃபேன் ஓடுது. பிரசவத்த நானே பாத்துக்கிறேன்."

தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்காவிட்டால் பெற்றவளுக்குத்தான் தலைக்குனிவு. நாகஜோதி மகளின் மருந்து டப்பாவைக் காரில் வைத்தாள்.

"கல்லுன்னே எழுதிருக்கலாம்லம்மா," என்று அழுதாள் இதழினி.

"எழுதிருக்கலாந்தான். உனக்குப் போக மாமியார் வீடு இருக்குடி. அது முட்டையத் தூக்கிட்டு எங்க போகும்?"

மறுநாள் காலை நாகஜோதி நாற்பதாம் வரிசைக்குப் போனாள். ஆட்காட்டி ஊர் கேட்கக் கத்திக்கொண்டு, அவள் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விரட்டியடித்தது. ஓடிவந்து நின்று, மூச்சு வாங்கியபடி, பதிவேட்டில் எழுதினாள்: "தாய் நலம்."