விருந்தாளி

“தம்பி, மௌஸை இந்தப் பக்கம் நகர்த்தினா துப்பாக்கி யோசிச்சு யோசிச்சு அந்தப் பக்கம் போகுது. இதை நீங்கதான் எழுதினீங்களா?”

மொத்த ஆபீஸும் திரும்பிப் பார்த்தது. அவனுக்குக் காது வரை சூடேறியது.

கேட்டது, ஆட்டங்களை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் டெஸ்டர் அம்மா. ஆபீஸில் அவளுக்கு ‘அரம்’ என்று பட்டப்பெயர். அராவினால் இரும்பும் தேய்ந்துவிடும்.

டிவியில் மாட்டி, கட்டைவிரலால் தள்ளி விளையாடுகிற கன்சோல் ஆட்டம் அது. அங்கே சக்கைப்போடு போட்ட துப்பாக்கிச் சண்டை. அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை அவனுடையது.

“கட்டைவிரலுக்கு எழுதினதை அப்படியே மௌஸுக்கு மாட்டி விட்டிருக்கீங்க. வெளியில விட்டா திட்டுவாங்க, தம்பி.”

முதலாளிக்கு அவசரம். வெளியில் விட்டார்கள். திட்டினார்கள்.

முதல் வாரம் திருவிழாக் கூட்டம். அடுத்த வாரம் ஈ, காக்கை இல்லை.

அவன் விடவில்லை. தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். என்ன பிரயோஜனம்? எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு குழம்பில் உப்பு போட்ட கதைதான்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் அந்த ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொள்வான். இணையத்தில் எதிராளி யாராவது வந்தால்தான் ஆட்டம் தொடங்கும். ‘காத்திருக்கவும்’ என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு ரொட்டியைக் கடிப்பான்.

ஒருநாள் எழுத்து மறைந்தது. யாரோ வந்திருந்தார்கள்!

பெயர் இல்லை. ‘விருந்தாளி’ என்று மட்டும் காட்டியது.

விளையாட்டு படு மோசம். இவன் எதிரே நின்றால் விருந்தாளி சுவரைச் சுட்டார். சுவர் ஓரமாக ஒளிந்தால் வானத்தைச் சுட்டார். தோற்றுப்போய், மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

‘பாவம், யாருமில்லாத மனுஷன் போல’ என்று நினைத்துக்கொண்டான். தனக்குத் தலைவலி என்றாலும் அவருக்காகப் போய் உட்கார்ந்தான். சில நாள் வேண்டுமென்றே குறி தவறவிட்டான். அப்படியும் அவர் ஜெயித்தபாடில்லை.

அக்கா போன் செய்தாள். “கூட யாராவது இருக்காங்களாடா? இல்லே, இன்னும் ஒண்டிக்கட்டைதானா?”

“சாயங்காலமானா ஒருத்தர் வருவார்க்கா.”

சொல்லிவிட்டு, போனை வைத்து ஆட்டத்தைத் திறந்தான்.

ஒருமுறை ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. விருந்தாளி அதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை.

‘இப்போ மௌஸ் வெண்ணெய் மாதிரி போகுது. யார் சரிபண்ணாங்களோ, நல்லா இருக்கட்டும்.’

திரையை அணைக்க மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே மேனேஜர் கூட்டம் போட்டார்.

“கம்ப்யூட்டர் ஆட்டத்தோட சர்வரை நிறுத்திடலாம். வெளியில இருந்து யாரும் வர்றதில்லை.”

கூட்டங்களில் வாயே திறக்காதவன் எழுந்து நின்றுவிட்டான்.

“வேண்டாம் சார். ஒருத்தர் தினமும் வர்றார். விளையாடவே தெரியாது. ஆனா வர்றார். நாமளும் கதவைச் சாத்திட்டா அவர் எங்கே சார் போவார்? அவருக்குத் துணைன்னு யாருமே இல்லை போல.”

யாரோ சிரித்தார்கள். அரம் சிரிக்கவில்லை. குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அந்த விருந்தாளியைத்தானே சொல்றே?” மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “நானும் யாருன்னு பார்த்தேன்ப்பா. நம்ம டெஸ்டிங் ரூம்ல இருந்துதான் வர்றாங்க. எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பின பிறகு.”

அவன் புரியாமல் நின்றான். மேனேஜர் அரத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏன் மேடம், போட்டின்னு வந்தா இந்த ஆபீஸ்ல ஒருத்தரையும் நீங்க ஜெயிக்க விட்டதில்லை. இந்தத் தம்பிகிட்ட மட்டும் ஏன் தினமும் தோத்துட்டுப் போறீங்க?”